கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம்

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அந்தக் கணக்கில் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு வயது இரண்டரை ஆண்டு. இடுப்பைத் தொடும் கூந்தல் என்றால் நுனி ஐந்தாறு ஆண்டு பழையது. இடைப்பட்ட காலத்தில் போட்ட டை, பிடித்த அயர்ன், ஆசைக்கு ஒரு தடவை செய்துகொண்ட பிளீச் எல்லாமே அந்த இழைக்குள்தான் இருக்கின்றன. முடியில் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேர்க்காலில் மட்டும்தான். வெளியே வந்துவிட்ட இழைக்கு ஆறும் சக்தி கிடையாது. சேதமானது சேதமானதுதான், மேலே பூசி மழுப்பலாம், அல்லது வெட்டி எறியலாம்.

ஸ்டைலிஸ்ட் பார்ப்பது இன்றைய முடியை. கருகருவென்று தெரிகிற முடி பிறவியிலேயே கருப்பா, கடையில் வாங்கிய டையா, கருப்பு மருதாணியா என்பதைக் கைதேர்ந்தவர்கள்கூட வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான்: அந்தத் தலைக்குச் சொந்தக்காரர். ஆனால் நாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன சொல்கிறோம்? ஒரு போட்டோவைக் காட்டி "இந்த மாதிரி வேணும்" என்கிறோம். எப்படி வேண்டும் என்பதை விட, இதுவரை என்னென்ன நடந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முடி கெட்டுப்போன கதைகளில் நான் அறிந்தவை பெரும்பாலும் கைத்திறன் இல்லாததால் நேர்ந்தவை அல்ல. சொல்லாமல் விட்டதால், கேட்காமல் விட்டதால் நேர்ந்தவை.

சொல்லாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டிலேயே டை போட்டுக்கொண்டேன் என்றால் முகம் சுளிப்பார்களோ என்ற கூச்சம். உண்மையைச் சொன்னால் "முடியாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். இரண்டாவது பயம் நியாயமானதுதான், அனுப்பத்தான் செய்வார்கள். நல்ல ஸ்டைலிஸ்ட் என்றால் அனுப்பத்தான் வேண்டும்.

என் சித்தி மகள் தலையில் சில கற்றைகளை மட்டும் வெளிர் பழுப்பாக்கிக்கொள்ளப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அந்த ஸ்டைலிஸ்ட் உடனே வேலையில் இறங்கவில்லை. காதுக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில், பென்சில் முனை அளவுக்கு ஒரு கற்றையை வெட்டி எடுத்தார். கிண்ணத்தில் பிளீச் பவுடரையும் டெவலப்பர் என்ற ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையையும் குழைத்து அந்தக் கற்றையில் தடவி, ஃபாயிலில் மடித்து மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஃபாயிலைத் தொட்டுப் பார்த்தவர் சட்டென்று விரலை எடுத்துவிட்டார். என்னையும் தொடச் சொன்னார். சுட்டது. பிரித்ததும் குமட்டும் ஒரு நாற்றம். கழுவி இரண்டு விரலால் இழுத்தார். இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டுகொண்டே வந்து அறுந்தது.

"இதுக்கு முன்னாடி கருப்புப் பவுடர் ஏதாவது போட்டிருக்கீங்களாம்மா?"

"டை எதுவும் போட்டதில்லையே அக்கா. மருதாணி மட்டும்தான். எப்பவோ போட்டது."

"கருப்பாக்குற மருதாணியா?"

ஆமாம், அதுதான். அவளைப் பொறுத்தவரை அது டை கணக்கில் வராது, இயற்கைப் பொருள். அதனால் சொல்லத் தோன்றவில்லை. வெறும் மருதாணி இலைக்கு முடியைக் கருப்பாக்கும் குணமே இல்லை. அதிலுள்ள லாசோன் என்ற நிறமி முடியின் புரதமான கெரட்டினோடு ஒட்டிக்கொண்டு செம்பழுப்பைத்தான் தரும். பவுடர் கருப்பாக்குகிறது என்றால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது: சிலவற்றில் அவுரி, சிலவற்றில் பாரா ஃபெனிலீன் டையமின் என்ற வேதிச்சாயம், சிலவற்றில் உலோக உப்புகள். உலோக உப்பு இருக்கும் முடியில் பிளீச் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு கட்டுப்பாடில்லாமல் சிதையும். வெப்பம் கிளம்பும், புகைகூட வரும், முடி அறுந்து கையோடு வரும். அன்றைக்கு அது ஒரு சின்னக் கற்றையோடு நின்றது. அவள் நிறம் மாற்றாமல், நுனியை மட்டும் வெட்டிக்கொண்டு திரும்பினாள். அவள் முகம் வாடியிருந்ததுதான். எனக்கோ அந்த ஸ்டைலிஸ்டைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆகவே பழைய கதையைச் சொல்லும்போது "டை போட்டேனா இல்லையா" என்பதோடு நிறுத்தக் கூடாது. நேராக்கிக்கொண்டது, சுருட்டிக்கொண்டது, மருதாணி, அடிக்கடி நீச்சல் குளத்துக்குப் போவது, உப்புத்தண்ணீரில் குளிப்பது, தினமும் அயர்ன் பிடிப்பது, எல்லாமே கணக்கில் வரும். இதில் நேராக்கிய கதைக்கு தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் நேராக்கும் முறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ரீபாண்டிங்கில் அம்மோனியம் தையோகிளைகோலேட் முடியின் கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கிறது; அயர்ன் பிடித்து நேராக்கிய பிறகு நியூட்ரலைசர் அவற்றை மறுபடி பூட்டுகிறது. ரிலாக்சர் என்பது வேறு வகை. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரம் அதே பிணைப்புகளை நிரந்தரமாக மாற்றிவிடும். பிறகு அவை பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. ஒன்றைச் செய்த முடியின்மேல் மற்றொன்றைப் போட்டால் முடி பாதியில் முறிந்து விழும். "போன வருஷம் ஸ்ட்ரெய்ட் பண்ணினேன்" என்று மட்டும் சொன்னால் ஸ்டைலிஸ்டுக்குப் பாதி செய்திதான் போய்ச் சேருகிறது. எந்த வகை, எந்தப் பொருள் என்று சொல்ல முடிந்தால்தான் முழுச் செய்தி. பெயர் தெரியாவிட்டால், தெரியாது என்பதையே சொல்லுங்கள். தெரியாது என்று கேட்டவுடன் ஒரு கற்றையை வெட்டிச் சோதித்துப் பார்ப்பவர் கையில் நிம்மதியாகத் தலையைக் கொடுக்கலாம்.

இந்தப் பேச்சை எப்போது நடத்துவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கழுத்தில் துணி கட்டி, தலையை நனைத்து, க்ளிப் மாட்டிய பிறகு நமக்கு நாக்கு எழாது. அதற்குள் வேலை தொடங்கிவிட்டது என்ற நினைப்பு நம்மை அடக்கிவிடும். அதனால் உட்கார்வதற்கு முன்பே, முடி காய்ந்து அவிழ்ந்திருக்கும்போதே பேசிவிட வேண்டும். முடி எந்தப் பக்கம் விழுகிறது, எங்கே சுருள்கிறது, எங்கே அடர்த்தி குறைவு என்பதெல்லாம் காய்ந்திருந்தால்தான் தெரியும். நேரம் குறித்துக்கொள்ளும்போதே "முதல்ல அஞ்சு நிமிஷம் பேசணும்" என்று சொல்லி வைப்பது இன்னும் நல்லது. நெருக்கடியான நாளில், அடுத்தவர் காத்திருக்கும்போது, எவ்வளவு நல்லவரானாலும் அவசரம்தான் படுவார்.

நீளம் விஷயத்தில் வார்த்தையை நம்பவே கூடாது. "கொஞ்சம் டிரிம்" என்பதில் வரும் 'கொஞ்சம்' உங்களுக்கு ஒரு விரல்கடை, அவருக்கு நான்கு விரல்கடை. நுனிவெடிப்பு இருக்கும் இடம் முழுக்கப் போனால்தான் முடி ஆரோக்கியம் என்பது அவர் கணக்கு; அதிலும் தப்பில்லை. அதனால் முடியைக் கையில் பிடித்து, கண்ணாடியில் பார்த்து, "இங்க வரைக்கும், இதுக்கு மேல வேண்டாம்" என்று விரலால் காட்டுங்கள். அவரையும் விரலால் காட்டச் சொல்லுங்கள். இரண்டு விரலும் ஒரே இடத்தில் நின்ற பிறகு கத்தரி எடுக்கட்டும். சுருட்டைமுடிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஈரத்தில் தோளைத் தொடும் சுருள், காய்ந்ததும் காது மடலுக்கு ஏறிவிடும். "காஞ்சா எவ்வளவு ஏறும்னு பார்த்துட்டு வெட்டுங்க" என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அடர்த்தியைக் குறைக்கும் பல்கத்தரியும் ரேசரும் உங்களைக் கேட்காமலே வெளியே வரக்கூடிய கருவிகள். மெல்லிய முடியிலும் சுருட்டையிலும் ரேசரை இழுத்தால் இழையின் வெளிச்செதில்கள் சிதைந்து நுனி சீக்கிரம் பிளக்கும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போட்டோ காட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் முடி ரகத்தைச் சேர்ந்தவரின் போட்டோவாக இருக்கட்டும். கோரைமுடிக்காரர் சுருள்முடிப் படத்தைக் காட்டினால், அந்த இடைவெளியை நிரப்பப்போவது சூடும் ரசாயனமும்தான். பிடிக்காத ஒன்றின் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். "இப்படி மட்டும் வேண்டாம்" என்பது பல சமயம் அதிகம் உதவுகிறது.

நிறம் மாற்றுவது என்று வந்துவிட்டால் எண்களில் பேசுவது மிகவும் பயன்படும். முடியின் கருமையை 1 முதல் 10 வரை அளக்கிறார்கள். 1 கருங்கருப்பு, 10 மிக வெளிர் பொன்னிறம். கருமுடியைப் பிளீச் செய்தால் அது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வெளுக்கும். எத்தனை படி ஏறுகிறதோ அத்தனைக்கும் முடியின் உள்ளிருக்கும் புரதம் விலை கொடுக்கிறது. டெவலப்பரிலும் எண் உண்டு: 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. "என் முடி இப்ப எத்தனாவது லெவல்? நான் கேட்கிறது எத்தனாவது? எத்தனை வால்யூம் போடப்போறீங்க? ஒரே நாளிலயா, பிரிச்சுச் செய்யலாமா?" இந்த நான்கு கேள்விக்கும் தயங்காமல் பதில் வந்தால் ஆள் தெரிந்தவர் என்று அர்த்தம். ஏற்கெனவே கருப்பு டை போட்ட முடியின்மேல் வெளிர் நிற டையைத் தடவினால் வெளுக்காது, சாயம் சாயத்தை எடுக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "ஒரே நாளில் வேண்டாம், மெதுவாகப் போகலாம்" என்று வாடிக்கையாளரே சொல்வது ஸ்டைலிஸ்டுக்குப் பெரிய விடுதலை. பலர் ஒரே நாளில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்வது நாம் அவசரப்படுத்துவதால்தான்.

"கெரட்டின் ட்ரீட்மெண்ட்" என்ற பெயரைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. பெயரைக் கேட்டால் முடிக்குச் சத்து ஊட்டுவதுபோல் இருக்கிறது. இவற்றில் பல முடியை நேராக்குவதே ஃபார்மால்டிஹைடின் தயவில்தான். பெட்டியில் அது இல்லை என்று போட்டிருந்தாலும் மெத்திலீன் கிளைகால் என்று எழுதியிருந்தால், அயர்ன் பட்டதும் வெளிவருவது அதே ஃபார்மால்டிஹைடு வாயுதான். 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. நமக்காவது எப்போதோ ஒரு தடவை. ஸ்டைலிஸ்ட் தினமும் அந்தப் புகையில் நிற்கிறார். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் நிம்மதி தருவதாக இல்லை. அது கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு, செய்துகொண்ட மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தலைத்தோல் எரிந்திருக்கிறது. எனவே பெட்டியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "கொஞ்சம் பாட்டிலைக் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கறேன்" என்றால் யாரும் மறுக்கக் கூடாது. மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

எரிச்சலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "லேசா எரியும், பொறுத்துக்கோங்க" என்ற வாக்கியத்தை நாம் அளவுக்கு மீறி மதிக்கிறோம். பிளீச்சும் ரிலாக்சரும் காரத்தன்மை உள்ளவை. அவை தோலைப் புண்ணாக்கும். அந்தப் புண் ஆழமானால் வேர்க்கால் செத்து, அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். பொறுத்துக்கொள்வதால் ஒரு லாபமும் இல்லை. "எரியுது, இப்பவே கழுவிடுங்க." இவ்வளவுதான் வாக்கியம். "கொஞ்சம் எரியுற மாதிரி இருக்கோன்னு தோணுது" என்றெல்லாம் இழுக்க வேண்டாம். இழுத்துச் சொன்னால் அவரும் இழுத்தடிப்பார். முதல்முறை டை போடுபவர்களும், புதிய பொருளுக்கு மாறுபவர்களும் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் தடவிச் சோதித்துக்கொள்ள வேண்டும். கருப்பு மருதாணி டாட்டூ எப்போதாவது போட்டு அரித்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதில் கலக்கும் பாரா ஃபெனிலீன் டையமினுக்கு உடம்பில் ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால், பிறகு டை போடும்போது முகமே வீங்கிப்போகலாம்.

தலை அலசும் தொட்டியிலும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. கழுத்தைப் பின்னால் வளைத்து வெகுநேரம் படுத்திருந்ததால் மூளைக்கு ரத்தம் குறைந்துபோன ஐந்து பேரைப் பற்றி 1993-இல் மைக்கேல் வெய்ன்ட்ராப் என்ற நரம்பியல் மருத்துவர் எழுதினார். அரிது, மிக அரிது. ஆனாலும் கழுத்துக்கு அடியில் ஒரு துண்டு மடித்து வைக்கச் சொல்வதற்கு ஒரு நொடிதான் ஆகும். தலை சுற்றினால் உடனே நிமிர்ந்துவிடுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை ஒரே ஒரு நிபந்தனை போதும்: ஈரமுடியில் அயர்ன் வேண்டாம். இழைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி உள்ளே குமிழி குமிழியாக வெடிக்கும். அந்த இடத்தில் முடி ஒடியும். சூடு பட்டதும் ஈரம் பொசுங்கும் சத்தம் கேட்டால் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லலாம். இறுகப் பின்னுவது, ஒட்டுமுடி வைப்பது இரண்டிலும் அடையாளம் வலிதான். புருவம் இழுபட்டாலோ, நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தாலோ, இறுக்கம் அதிகம். ஆரம்பத்தில் தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் அந்த ஓரம் நிரந்தரமாக ஏறிவிடும்.

மனம் திறந்து பேசுவதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த கேள்வி ஒன்று உண்டு: "என் இடத்துல நீங்க இருந்தா, இதைச் செஞ்சுக்குவீங்களா?" "செய்யலாமா?" என்று கேட்டால் "செய்யலாமே" என்றுதான் பதில் வரும், கேள்வியே அதைத்தான் கேட்கிறது. முதல் கேள்விக்கோ கை ஒரு கணம் நிற்கும். அவர் முடியை மறுபடி தொட்டுப் பார்ப்பார். நான் பார்த்தவரை அப்போது வரும் பதில்தான் நிஜமான தொழில் அறிவு. "ஆறு மாசம் போகட்டும்" என்றால் அந்த ஆலோசனைக்கு மரியாதை கொடுங்கள், அதற்கு உரிய கட்டணத்தையும் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்பவருக்கு வருமானம் இல்லாமல் போனால், அடுத்தவரிடம் அவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

வெளியே வருவதற்கு முன் போனில் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, என்ன பொருள், எத்தனை வால்யூம், எவ்வளவு நேரம் வைத்தார், வேரிலா நுனியிலா. மூன்று வாக்கியம் போதும். ஊர் மாறலாம், ஸ்டைலிஸ்ட் மாறலாம், இந்தக் குறிப்பு உங்களோடு வரும். நினைவை நம்பினால் இரண்டு ஆண்டு கழித்து "எப்பவோ மருதாணி" என்றுதான் வாயில் வரும்.

உடம்பு நிலையையும் சொல்வது நல்லது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டலாம். அந்தச் சமயத்தில் ரசாயனம் எதையும் தள்ளிப் போடலாம். இன்னொரு பக்கம், உங்கள் உச்சந்தலையையும் பிடரியையும் உங்களை விட நன்றாகப் பார்ப்பவர் ஸ்டைலிஸ்ட்தான். வட்டமாக முடி உதிர்ந்த திட்டு, செதில், நிறம் மாறிய மச்சம் எதுவானாலும் முதலில் அவர் கண்ணில் படும். பலர் வாடிக்கையாளர் மனம் புண்படுமோ என்று வாயைத் திறப்பதில்லை. நாமே கேட்டுவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்: "பின்னாடி ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டேன்." அப்படி ஏதாவது சொன்னால் அவர் கையாலேயே ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, அதைத் தோல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதற்கு எண்ணெயோ ஷாம்பூவோ சிபாரிசு செய்யச் சொல்லி ஸ்டைலிஸ்டை நெருக்க வேண்டாம்.